வலது சிறகின் இறகு

போகியன்று ஊரே பழசைக் கொளுத்திக்கொண்டிருந்த காலையில், குருமூர்த்தி கொளுத்தவும் முடியாத, வீட்டில் வைத்திருக்கவும் முடியாத ஒன்றைப் பூஜை அறையிலிருந்து தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினார். தேக்குப் பெட்டி. உள்ளே அய்யனாரின் வேட்டை அம்புகள் மூன்று. அந்தப் பெட்டியைத் தூக்குவதற்கென்று அவர் குடும்பத்தில் ஏகப்பட்ட சட்டதிட்டம் உண்டு. தோளில் துண்டு இருக்கக் கூடாது. தெற்கே பார்த்து நடக்கக் கூடாது. பெண்கள் எதிரே வரக் கூடாது. கிணறோ வீட்டுக்குத் தெற்கே இருந்தது. ஆகவே அவர் வடக்கே பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். அவர் மனைவி ஜெகதாம்பாள் எதிரே வராமல் ஒழுங்காகப் பின்தொடர்ந்துதான் வந்தாள். இதனால் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே தோட்டத்தைக் கடந்தார்கள்.

“பாத்து வாங்க. பின்னால தொவைக்கிற கல்லு கெடக்கு.”

“நீ பேசாம வா. பெட்டி வெளிய வர்றப்ப பொம்பள வாய் தொறந்தா தீட்டு.”

“அது நாறுற நாத்தத்துக்குத் தீட்டு எங்க வந்து உக்காரும்?”

நாற்றம் உண்மைதான். பெட்டியை ஒரு வருடமாக யாரும் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்குக்கூட மூடியின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கடமையை முடித்துவிட்டார் குருமூர்த்தி. திறக்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் அதைக் காரணம் என்று சொல்வதில்லை. அருள் என்று சொல்வார்கள்.

பனையடிக்குப்பம் ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே அய்யனார் வருடத்தில் ஒருநாள், காணும் பொங்கலன்று பொழுது சாயும் வேளையில், குதிரை வாகனத்தில் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். திடலில் ஒரு வாழை மரத்தை நட்டு வைத்திருப்பார்கள். அன்றைக்கு அதுதான் காட்டு மிருகம். சாமியின் சார்பில் அதன் மேல் அம்பு விடுகிற உரிமை குருமூர்த்தி குடும்பத்துக்கு. வாழைக்கு வலப்பக்கம் தீவட்டி பிடித்து நிற்கிற உரிமை பாவாடை குடும்பத்துக்கு. இரண்டையும் ஊரில் உரிமை என்றுதான் சொல்வார்கள். முதலாவதில் தலையில் பரிவட்டம் ஏறும், இரண்டாவதில் தலையில் எண்ணெய் சொட்டும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

குருமூர்த்தியின் முப்பாட்டனார் உடையார்பாளையம் ஜமீனோடு வேட்டைக்குப் போனவர் என்பது குடும்ப வரலாறு. அங்கே அவர் புலி அடித்தார் என்பார் குருமூர்த்தி. பன்றி என்பார்கள் ஊரார். அடுத்தவர்கள் அடித்ததைத் தூக்கி வந்தார் என்பாள் ஜெகதாம்பாள். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த அம்புகளின் வாலில் கட்டியிருப்பது கருடனின் இறகு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வருவதற்கு வழியுமில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்த இறகுகளின் மேல் நெய்யும் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் திருநீறும் ஏறி ஏறி, இறகு எது அடை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி தடித்துப்போயிருந்தன. பக்தி கண்ணை மறைக்கும் என்பார்கள். இங்கே இறகையும் மறைத்திருந்தது.

போன வருடம் அம்பு வாழைக்குப் போகவில்லை. நாணை விட்டதுமே பாம்புபோல நெளிந்து, வலப்பக்கம் திரும்பி, பாவாடையின் இடது கண்ணைக் கீறி எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த முந்திரிப் புதரில் போய் விழுந்தது. பாவாடை தீவட்டியைக் கீழே போடவில்லை. போட்டால் சருகு பற்றிக்கொள்ளும் என்று பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, கண் தப்பவில்லை.

விழாக் குழுத் தலைவர் சுதர்சன் அன்றைக்கே மைக்கைப் பிடித்துவிட்டார். “அய்யனார் கேட்டார், பாவாடை கொடுத்தார்!” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எல்லாருக்கும் ஒரு நிம்மதி. சாமி கேட்டது என்றால் கேஸ் இல்லை, விசாரணை இல்லை, அம்பு விட்டவர் கை தவறியதும் இல்லை. இவர்களில் அதிக நிம்மதி அடைந்தவர் குருமூர்த்தி. அந்த நிம்மதியில் அவர் ஒரு வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை.

பாவாடை அதற்குப் பிறகு சாமி தொட்ட ஆள் ஆகிவிட்டார். குழந்தைக்குச் சீக்கு என்றால் திருநீறு போட அவரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த வருட ஃபிளெக்ஸில் அய்யனாரைவிடப் பெரிதாகச் சுதர்சன் இருந்தார். அய்யனாருக்குச் சமமாக, கறுப்புக் கண்ணாடியோடு, பாவாடை இருந்தார். காணும் பொங்கலன்று அவர் மறுபடியும் அதே இடத்தில் தீவட்டியோடு நிற்பார் என்று கீழே எழுதியிருந்தது.

குருமூர்த்தி கிணற்றடியில் பெட்டியை இறக்கித் திறந்தார். எறும்பு. சிக்குப் பிடித்த நெய் வாசனை. வேட்டைக்கு எடுக்கிற அம்பின் வாலில் சந்தன அடைக்கு மேலே கறுப்பாக ஒரு படலம் காய்ந்து கிடந்தது. அது குங்குமம் அல்ல என்பது இருவருக்கும் தெரிந்தது.

“கழுவுங்க,” என்றாள் ஜெகதாம்பாள். குரலில் கேலி இல்லை. “இல்லாட்டி கொளுத்திடுங்க. அந்த மனுசன் திரும்பவும் வந்து நிக்கப்போறாரு. அவரு ரத்தத்தோடயே அம்ப எடுத்துட்டுப் போயி அவரு முன்னால நிப்பீங்களா?”

கழுவுவதற்கு வேறு ஆள் கிடையாது. அம்பைக் குடும்பத்து மூத்த ஆண்தான் தொடலாம். சட்டம் அப்படி. தன் வேட்டியைக்கூடத் தானே அலசிப் பழக்கமில்லாத அந்த மூத்த ஆண், துவைக்கிற கல்லின் மேல் குந்தினார். பட்டுப்புடவை அலசுகிறதுபோலத்தான் என்று ஜெகதாம்பாள் வெந்நீரில் பூந்திக்கொட்டையைக் கசக்கி நுரைக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முதலில் அடை ஊற வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் இறகும் சேர்ந்து வரும். ஊறிய பிறகு பஞ்சால் ஒற்றி, தண்டிலிருந்து நுனிப்பக்கமாக மட்டும் விரலால் நீவ வேண்டும். எதிர்ப்பக்கம் நீவினால் இறகின் இழைகள் பிரிந்து சிலும்பிக்கொள்ளும். இதை இரண்டு இழையைப் பாழாக்கிய பிறகுதான் குருமூர்த்தி கற்றுக்கொண்டார்.

நீர் முதலில் கருஞ்சிவப்பாக ஓடியது. அவர் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். பிறகு மஞ்சள், பிறகு பால் வெள்ளை. அவருடைய பூஜை போனது, அப்பா பூஜை போனது, தாத்தா பூஜை போனது. கடைசியில் இறகு தெரிந்தது.

பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

குருமூர்த்திக்கு அந்தப் பட்டை தெரியும். அவர் யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. போன வருட விபத்துக்கு முந்திய ஆயுத பூஜையின்போது வேட்டை அம்பின் மூன்று இறகில் ஒன்றை அந்துப்பூச்சி தின்றிருந்தது. கருடனைப் பிடித்து இறகு பிடுங்கினால் சாமிக்கு முன்னால் வனத்துறைக்காரர் வந்துவிடுவார். ஆகவே அவர் ஜெயங்கொண்டம் சாலையில் மலர்க்கொடி என்பவள் நடத்தும் பண்ணைக்குப் போய், ஒரு வான்கோழி இறகை வாங்கிவந்து, தானே நறுக்கி, தானே ஒட்டி, மேலே மஞ்சளைக் குழைத்து அப்பி மூடிவிட்டார். கருடன் நடுவே வான்கோழியைச் சேர்த்த குற்றம் அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஒருவேளை அதற்குத்தான் சாமி கோபித்துக்கொண்டதோ என்றுகூட நினைத்திருந்தார்.

இப்போது பார்த்தால் மற்ற இரண்டு இறகிலும் அதே பட்டை. பெட்டியிலிருந்த மற்ற இரண்டு அம்புகளையும் கழுவிப் பார்த்தார். அவற்றிலும் அதே பட்டை.

ஜெகதாம்பாள் குனிந்து பார்த்தாள். “இது மலர்க்கொடி வூட்டு வான்கோழில்ல?”

அவர் இறகைப் பஞ்சால் இன்னொரு முறை ஒற்றினார்.

“ஒங்க தாத்தா காலத்துலயே கருடன் வான்கோழியாயிடுச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமும் ஆறுதலும் கலந்த சிரிப்பு. தான் ஒருவன் மட்டும் ஏமாற்றவில்லை, வம்சமே அதைத்தான் செய்திருக்கிறது என்பதில் ஒரு தெம்பு. அப்படியானால் சாமிக்குக் கோபம் வந்திருக்க வழியில்லை. அவர் அம்புகளை நிழலில் துணி விரித்துக் காயப்போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதி மறுநாள் இட்லிப் பானை கொதிக்கும்வரை நீடித்தது.

காய்ந்த இறகுகள் நனைந்த கோழிக்குஞ்சுபோல ஒடுங்கி, தண்டோடு ஒட்டிக் கிடந்தன. கசங்கிய பட்டுக்கு ஆவி காட்டுவதுபோல இதற்கும் காட்டிப் பாருங்களேன் என்றாள் ஜெகதாம்பாள். பொங்கல் வைத்து முடித்த அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றி, மூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். குருமூர்த்தி வேட்டை அம்பின் வாலை அந்த ஆவியில் மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். சாமியின் ஆயுதத்துக்கு இட்லிப் பானையா என்று கேட்க வேண்டியவர் அவர்தான். கேட்கவில்லை. ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் இறகுகள் எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் இழையாக நிமிர்ந்தது. விரலால் லேசாக நீவியதும் பக்கத்து இழையோடு கோத்துக்கொண்டு, கிழிந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் மூன்று இறகும் பறவை உடம்பில் இருந்தபோது எப்படி வளைந்திருந்தனவோ அப்படியே வளைந்து நின்றன.

இரண்டு ஒரு பக்கம் வளைந்திருந்தன. ஒன்று எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது.

அவர் மற்ற இரண்டு அம்புகளையும் ஆவியில் காட்டினார். அவற்றில் மூன்று இறகும் ஒரே பக்கம் சாய்ந்தன, காற்றடிக்கிற வயலில் நாற்று சாய்வதுபோல.

“என்னாங்க?” என்றாள் ஜெகதாம்பாள்.

அவர் வில்லை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். வைக்கோல் போரில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு வேட்டை அம்பை விட்டார். அது கிளம்பி, நெளிந்து, வலப்பக்கம் ஒடித்துப் போனது. எடுத்துவந்து மறுபடி விட்டார். வலப்பக்கம். உடம்பைத் திருப்பி நின்று, மூச்சை அடக்கி, குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு விட்டார். வலப்பக்கம். கும்பிட்டதால் எந்த மாற்றமும் இல்லை.

சாயங்காலமே மலர்க்கொடியின் பண்ணைக்குப் போனார். நல்ல நாளும் அதுவுமாக வான்கோழி இறகு கேட்டு வந்து நின்றவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தத் தடவயும் சோத்தாங்கைப் பக்கத்து எறகுதானா சித்தப்பா?”

“என்னாம்மா சொல்ற?”

“போன தடவ எடதுபக்கத்து எறகு ரெண்டு நல்லா நீளமா வச்சிருந்தேன், எடுத்துக்கங்கன்னேன். ‘சாமி காரியத்துக்குப் பீச்சாங்கைப் பக்கமா? அபசகுனம் புடிச்சவளே’ன்னு கத்துனீங்க. அந்த வான்கோழிய வெரட்டிப் புடிச்சி வலது சிறகுல புடுங்கிக் குடுத்தேன். அது ஒரு வாரம் என்னக் கண்டாலே ஓடுச்சு.”

குருமூர்த்தி அங்கே கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பறவைக்கு இடது சிறகு, வலது சிறகு இரண்டும் வேண்டும். அம்புக்கு ஏதாவது ஒரு சிறகின் இறகுதான் வேண்டும். கலந்தால் ஒன்று ஒரு பக்கம் சுழற்றும், மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கும். அவருடைய பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் அது தெரிந்திருந்தது. அவர்கள் பொய் சொன்னது பறவையைப் பற்றி மட்டும்தான். அம்பு நேராகப் போக வேண்டும் என்பதில் அவர்கள் விளையாடவில்லை. இடது கையால் சாமிக்கு ஒரு பூக்கூடப் போடாத குருமூர்த்திதான், சகுனம் பார்த்து, மங்களம் பார்த்து, வலது சிறகைத் தேடிப் பிடித்து ஒட்டி, ஒருவனுடைய கண்ணை எடுத்திருக்கிறார்.

“இடதுபக்கம் குடும்மா,” என்றார். “போதும்.”

அன்றைக்கே அந்த வலது இறகைப் பசையோடு உரித்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். முன்பக்கமும் பின்பக்கமும் பட்டுநூலால் சுற்றிக் கட்டினார். நூலின் மறுநுனியை ஜெகதாம்பாள் பிடித்துக்கொண்டாள். பெண் தொடக் கூடாது என்ற சட்டம் எங்கே போனதென்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாட்டுப் பொங்கல் காலையில் வைக்கோல் போரில் அம்பை விட்டுப் பார்த்தார். சாக்கின் நடுவில் போய்ச் செருகி நின்றது. எத்தனை முறை விட்டாலும் அங்கேயே போனது. நேராகப் போகிற அம்பைப் பார்த்து அழுத வேட்டைக்காரர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மத்தியானம் சாப்பிடாமல் பாவாடை வீட்டுக்குப் போனார்.

அங்கே வரிசை இருந்தது. விக்கிரமங்கலத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். குருமூர்த்தி மூன்றாவதாக நின்றார். கறுப்புக் கண்ணாடியோடு உள்ளேயிருந்து வந்த பாவாடை குழந்தைக்குத் திருநீறு பூசினார், கிழவருக்கும் பூசினார், நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஐயா! சொல்லிவுட்டா நானே வந்திருப்பனே. வாங்க, உக்காருங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குருமூர்த்தி உட்காரவில்லை. துணியில் சுற்றியிருந்த அம்பைப் பிரித்தார். பாவாடையின் உடம்பு தானாக ஓர் அடி பின்னால் போனது. அதைப் பார்த்த பிறகு, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு குருமூர்த்திக்கு மறந்துபோயிற்று.

“சாமி இல்ல பாவாடை,” என்றார். “எறகு. நான் ஒட்டுன எறகு. சாமிக்கு எடதுபக்கம் ஆவாதுன்னு வலதுபக்கத்த தேடி ஒட்டுனேன். அதான் திரும்பிடுச்சு. அம்பு என்னாலதான் ஒம் மேல வந்துச்சு.”

பாவாடை கண்ணாடியைக் கழற்றினார். அம்பை வாங்கி வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இந்த எறகா?”

“இது புதுசு. அது இதோ.” சட்டைப்பையிலிருந்து பழையதை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளங்கையில் வைத்து அதை வெகுநேரம் பார்த்தார் பாவாடை. “இத்துனூண்டு,” என்றார்.

தெருவில் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டது.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. எறகுன்னு தெரியாது. சாமி இல்லன்னு தெரியும். நம்ம அய்யனாருக்கு முட்டை முட்டையா ரெண்டு கண்ணு இருக்கு. அவருக்கு எங்கண்ணு எதுக்கு?”

“அப்புறம் ஏன் சும்மா இருந்த?”

“பேசுனா கண்ணு போன ஆளு. பேசாட்டி சாமி தொட்ட ஆளு. கண்ணு போனவன முந்திரிப் பட்டறையில வேலைக்கி வச்சிக்க மாட்டான். சாமி தொட்டவன வேணாங்கறதுக்குப் பயப்புடுறான்.”

“நாளைக்கி மைக்குல சொல்லிடறேன். ஊரு முன்னால.”

“சொல்லி?”

“எம் மனசு...”

“ஒங்க மனசு லேசாயிடும். ஊரும் ‘ஐயா எவ்வளவு பெரிய மனுசன், தப்ப ஒத்துக்கிட்டாரு’ன்னு சொல்லும். அன்னையிலேருந்து நான் குருடன்.” பாவாடை இறகைத் திருப்பிக் கொடுத்தார். “அம்புதான் வந்துச்சு, கண்ணுதான் போச்சு. இதையும் புடுங்கிக்காதீங்கய்யா.”

குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். தியாகம் செய்யலாம் என்று வந்தவருக்கு அதற்கும் வழி இல்லை. “நான் என்னாதான் செய்யறது?”

“நாளைக்கி அங்க நிக்கச் சொல்றாரு சுதர்சன் சாரு. மாட்டேன்னு சொன்னா சாமி தொட்ட ஆளு சாமிக்குப் பயப்புடலாமாம்பாரு. ஒரு வருசமா கண்ண மூடுனா அம்பு வருதுய்யா.”

“இப்ப நேரா போவுது. வைக்கப்போர்ல வுட்டுப் பாத்துட்டேன்.”

“வைக்கப்போருக்குக் கண்ணு கெடையாதுங்க.” பாவாடை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “வாங்க திடலுக்கு. நீங்க நில்லுங்க. நான் வுடறேன்.”

குடும்பச் சட்டங்கள் அத்தனையும் குருமூர்த்தியின் தொண்டைக்கு ஏறி வந்தன. வேறு ஆள் வில்லைத் தொடக் கூடாது. அம்பு வீட்டுக்கு வெளியே கைமாறக் கூடாது. அவற்றில் ஒன்றும் வெளியே வரவில்லை. வந்தது இதுதான்: “நீ வில்லு புடிச்சதில்லியே பாவாடை.”

“நீங்க மட்டும்? வருசத்துக்கு ஒருக்காதான புடிக்கிறீங்க?”

போகிற வழியில் குருமூர்த்தி வீட்டுக்குள் போய் வில்லை எடுத்துக்கொண்டார். திடலில் ஆள் இல்லை. மறுநாளைக்கான வாழையை ஏற்கெனவே நட்டிருந்தார்கள். முந்திரி பூத்திருந்தது. அந்தத் துவர்ப்பு வாசனை வெயிலில் கனமாக இறங்கியிருந்தது. குருமூர்த்தி வாழைக்கு வலப்பக்கம் போய் நின்றார். எத்தனையோ வருடம் இந்த இடத்தை எதிரிலிருந்து பார்த்திருக்கிறார். இங்கிருந்து பார்த்ததில்லை. வாழை கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. எதிரிலிருந்து பார்க்கும்போது நடுவே நிறைய இடம் இருப்பதுபோலத் தோன்றும்.

பாவாடை வில்லை எடுத்து, நாணை இரண்டு முறை வெறுமனே இழுத்துப் பார்த்து, அம்பைப் பூட்டினார். வழக்கமாக அம்பு விடுகிறவர் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்த வேலை மிச்சம்.

ஓர் அம்பு பக்கவாட்டில் பார்க்கத்தான் அம்பு. நேரே நம்மைப் பார்த்து வரும்போது அதற்குத் தண்டு கிடையாது, இறகு கிடையாது, வம்சம் கிடையாது. ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி வாழையைப் பார்க்கிறதா தன்னைப் பார்க்கிறதா என்று குருமூர்த்தியால் சொல்ல முடியவில்லை. தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியது. பார்த்தால்தான் என்ன, நியாயம்தானே என்றும் தோன்றியது. அடுத்த நொடியே நியாயம் எல்லாம் போய், ஜெகதாம்பாள் முகமும், ஓடிவிட வேண்டும் என்ற எண்ணமும் மட்டும் மிஞ்சின. கால் நகரவில்லை. வேட்டி தொடையோடு ஒட்டியது. வியர்வைதான் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

நாண் சத்தம் கேட்டது. பக்கத்தில் சொத்தென்று ஈரமான ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது அம்பு வாழையில் ஆழமாக ஏறியிருந்தது. வாலில் மூன்று இறகும் ஒரே பக்கம் சாய்ந்து நடுங்கின.

பாவாடை நடந்து வந்தார். வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குருமூர்த்தியும் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார்.

“கண்ண மூடிட்டீங்களா?”

“மூடிட்டேன்.”

“நான் அன்னைக்கி மூடல.” பாவாடை முந்திரி மரங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீங்கதான வுடறீங்க, நமக்கென்னான்னு தொறந்துக்கிட்டு நின்னேன்.”

காற்றில் வாழை இலை கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாவாடை வாழைக்குப் பக்கத்திலிருந்த அந்த இடத்தைக் காட்டினார்.

“ஏங்கய்யா, தீவட்டிய ஒரு கம்புல கட்டி நட்டுவச்சா எரியாதுங்களா?”

குருமூர்த்தி யோசித்தார். இத்தனை தலைமுறை இத்தனை பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசிய விழாவில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. “எரியும்,” என்றார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் திடல் நிரம்பிவிட்டது. அய்யனார் குதிரையில் வந்து இறங்கினார். வாழைக்கு வலப்பக்கம் மூங்கில் கம்பு ஒன்று நட்டிருப்பதையும், அதன் உச்சியில் தீவட்டி எரிவதையும் பார்த்த சுதர்சன், பட்டுச் சட்டை கசங்க ஓடிவந்தார்.

“மாமா, யாரக் கேட்டு நட்டீங்க? தீவட்டி ஆளு கையிலதான் இருக்கணும். ஐதீகம் என்னாவுறது?”

“அந்த எடத்துல நான் நின்னு பாத்துட்டேன் சுதர்சன். அங்க ஆளு நிக்கக் கூடாது.”

“நின்னு பாத்தீங்களா? எப்ப?”

குருமூர்த்தி வில்லைக் கையில் எடுத்தார். கூட்டத்திலிருந்து பாவாடை நடந்து வந்து, வில்லுக்கு இடப்பக்கம், அந்தக் குடும்பத்து ஆண்கள் மட்டுமே நிற்கிற இடத்தில் நின்றார். சித்தப்பன் பெரியப்பன் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாயெடுத்தார். குருமூர்த்தி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். சுதர்சன் கெட்டிக்காரர். நிலைமையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார்.

“அன்பார்ந்த பெருமக்களே! இந்த ஆண்டு அய்யனார் தாம் தொட்ட பாவாடையைத் தம் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குருமூர்த்தி அம்பைப் பூட்டினார். இறகின் மேல் இந்த வருடம் சந்தனம் இல்லை, நெய் இல்லை. பூசாரி குங்குமத்தோடு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். நாணை இழுத்தார். தீவட்டி வெளிச்சத்தில் வாழை மட்டும் நின்றது, பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியும் ஒரு தரம் நாணைத் தளர்த்தினார். மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, விட்டார்.

அம்பு வாழையின் நடுவில் ஏறியது. குலவைச் சத்தமும் வெடிச் சத்தமும் எழுந்தன. யாரோ பரிவட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குருமூர்த்தி வாழையைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அம்புக்குப் பின்னால், யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, பாவாடை இருக்கிற ஒரு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“வுட்டாச்சு பாவாடை,” என்றார் குருமூர்த்தி, வெடிச் சத்தத்துக்கு நடுவே அவர் காதோரமாக. “போயிடுச்சு. நேரா போயிடுச்சு.”

பாவாடை தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை.